29-க்கும் 11-க்கும் நடுவில் ஓர் ஊர்

பினாங்கு சட்டமன்றத்தில் மொத்தம் 40 இடங்கள். 2008 மார்ச் 8 தேர்தலின் முடிவு 29 – 11. 2023 ஆகஸ்ட் 12 தேர்தலின் முடிவும் 29 – 11. பதினைந்து ஆண்டு இடைவெளியில் அதே கணக்கு. வானொலியில் முப்பது விநாடிச் செய்தியாக இதைப் படித்தால், பினாங்கில் ஒன்றும் மாறவில்லை என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. 2008-இல் அந்த 29 இடங்களில் ஜசெகவுக்கு 19, பிகேஆருக்கு 9, பாஸ் கட்சிக்கு 1. எதிரே இருந்த 11-ம் அம்னோவுடையவை. 1969-இல் ஆட்சியைப் பிடித்து, பிறகு தேசிய முன்னணியோடு சேர்ந்து கொண்டு ஆண்டுவந்த கெராக்கானுக்கு ஓரிடம்கூட மிஞ்சவில்லை. 2023-இல் ஜசெக 19, பிகேஆர் 7, அமானா 1, அம்னோ 2 என்று 29. எதிரே பெரிக்காத்தான் நேசனலின் 11 இடங்களில் பாஸ் 7, பெர்சத்து 4. அன்று ஜசெகவோடு கைகோத்து நின்ற பாஸ் இன்று எதிர் வரிசையில். அன்று எதிர் வரிசையில் இருந்த அம்னோ இன்று அரசாங்க வரிசையில். 2008, 2013, 2018, 2023 என நான்கு தேர்தல்களிலும் அசையாமல் நின்றது ஜசெகவின் 19 மட்டும்தான்.

எங்கள் ஊர் கெப்பாலா பத்தாஸ். தீவில் இருப்பவர்களுக்கு அது வடக்கே போகிற வழியில் வரும் ஒரு பெயர்ப்பலகை. மற்றவர்களுக்கு அது பாக் லாவின் ஊர். துன் அப்துல்லா அகமட் படாவி 1978 முதல் 2013 வரை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். 2003 முதல் 2009 வரை நாட்டின் பிரதமர். ஒரு பிரதமரின் தொகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரசியல் என்பது வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம். மருத்துவமனை வந்தது, பெர்த்தாமில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழுந்தன, நெல்வயல்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவில் தாமான்கள் முளைத்தன. எங்கள் வீட்டில் யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும், ஊர்க்காரர் பிரதமராக இருக்கிறார் என்பதில் எல்லாருக்கும் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

இந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் மூன்று சட்டமன்றத் தொகுதிகள்: பெனாகா, பெர்த்தாம், பினாங் துங்கால். மாநிலத் தொகுதிப் பட்டியலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலில் வருபவை இவைதான். 2008-இல் மூன்றும் அம்னோவுக்கு. 2018-இல் மாநிலமே 37 இடங்களைப் பக்காத்தான் ஹராப்பானுக்குக் கொடுத்தபோது, எங்கள் மூன்றும் மூன்று கட்சிகளுக்குப் போயின. பெனாகாவில் பாஸ், பெர்த்தாமில் அப்போது ஹராப்பானில் இருந்த பெர்சத்து, பினாங் துங்காலில் பிகேஆர். பினாங் துங்காலில் வென்றவர் முதலாவது துணை முதலமைச்சர் ஆனார். 2022 நாடாளுமன்றத் தேர்தலில் பாஸ் கெப்பாலா பத்தாஸை வென்றது. மறு ஆண்டு மாநிலத் தேர்தலில் பெனாகாவும் பினாங் துங்காலும் பெரிக்காத்தானுக்கு. பெர்த்தாமில் மட்டும், முதல் ஆண்டு நாடாளுமன்றத்தில் தோற்ற அம்னோவின் ரிசால் மெரிக்கான் நைனா மெரிக்கான் வென்று திரும்பினார்.

ஆக, அந்த 29 – 11 கணக்கில் எங்கள் ஊரின் இரண்டு தொகுதிகள் பதினொன்றில், ஒன்று இருபத்தொன்பதில். மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அதே நாளில் அங்கு நடந்த தேர்தலில் 36 இடங்களில் 33 பெரிக்காத்தானுக்கு. அக்கரையில் அவர்கள் அரசாங்கம். இக்கரையில் அவர்கள் எதிர்க்கட்சி. காலையில் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு அரசாங்கங்களின் கீழ் வாழ்கிறார்கள்.

அந்த ஆகஸ்ட் 12 சனிக்கிழமை. காலையில் ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, இரவு நேர நிகழ்ச்சிக்கு ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்தேன். ஆறு மாநிலங்களின் முடிவுகள். எண்கள் வரவர வாசிக்க வேண்டும். இடையிடையே நேயர்களின் குரல் பதிவுகளை ஒலிபரப்ப வேண்டும். சிலாங்கூரிலிருந்தும் நெகிரி செம்பிலானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "நம்ம ஆளுங்க எத்தன பேரு ஜெயிச்சிருக்காங்க?"

இந்தக் கேள்வியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2008-இல் பிறை தொகுதியில் வென்ற பேராசிரியர் ப. இராமசாமி, இரண்டாவது துணை முதலமைச்சர் ஆனபோது, இந்த நாட்டில் அப்படியொரு பதவிக்கு வந்த முதல் இந்தியர் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எங்கள் வீட்டில் அந்தப் படத்தை வெட்டி வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல் அவருக்கு வேட்பாளர் பட்டியலில் இடமில்லை. ம.இ.காவும் அந்த மாநிலத் தேர்தல்களில் ஒரு வேட்பாளரையும் நிறுத்தவில்லை. இந்தச் சூழலில் நம்மவர்களை எண்ணிப் பார்ப்பது இயல்பு. ஒரு சமூகம் தன் முகத்தைச் சபையில் தேடுவதில் தப்பே இல்லை.

இரவு பதினோரு மணி வாக்கில் என் கைப்பேசிக்கு அத்தையிடமிருந்து ஒரு பதிவு வந்தது. கெப்பாலா பத்தாஸில் தனியாக இருக்கும் அத்தை. "பிள்ள, நம்ம எடத்துக்கு யாரு வந்திருக்கா? அத மட்டும் சொல்லு." அன்றிரவு நான் கேட்ட நூற்றுக்கணக்கான குரல்களில் அந்தக் கேள்வி அவரிடமிருந்து மட்டுமே வந்தது. அத்தைக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், சட்டமன்றத்திடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நான் முதலில் ஓட்டுப் போட்ட 2013-இலும், பிறகு 2018-இலும், கையில் இரண்டு சீட்டுகள் கொடுத்தார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, ஒன்று சட்டமன்றத்துக்கு. பேச்செல்லாம் பிரதமர் யார் என்பதைப் பற்றியே இருக்கும். சட்டமன்றச் சீட்டு துணைக்கு வந்த தம்பி மாதிரி. 2022-இல் பினாங்கு தன் சட்டமன்றத்தைக் கலைக்காமல் தனியே நின்றது. அதனால் 2023-இல்தான் மாநிலத்துக்கு மட்டும் ஒரே ஒரு சீட்டை நான் கையில் வாங்கினேன். இந்த ஒரு சீட்டு எதைத் தீர்மானிக்கிறது என்று அன்று வரிசையில் நின்ற இளைஞர்களைக் கேட்டிருந்தால், பலர் தோளைக் குலுக்கியிருப்பார்கள்.

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கிறது. பள்ளி, மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை எல்லாம் கூட்டரசின் கையில். நிலம், காடு, ஆறு, ஊராட்சி மாநிலத்தின் கையில். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்றால் புத்ராஜெயாவைப் பார்க்க வேண்டும். அதே தமிழ்ப்பள்ளிக்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றால் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். கோவில் நிற்கும் மண் யாருடையது, தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறலாமா கூடாதா, சுடுகாட்டுக்கு இடம் உண்டா என்பதெல்லாம் மாநிலக் கேள்விகள். பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து, எங்கள் மாவட்டத்தின் லஹார் தியாங்கில் எடுக்கப்படுகிறது. அந்த ஆற்று நீருக்குப் பணம் கொடு என்று கெடாவும், முடியாது என்று பினாங்கும் ஆண்டுக்கணக்காக வாதாடுவது ஆறு மாநில விவகாரம் என்பதால்தான்.

இன்னொன்று நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. இந்த நாட்டில் நகராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு திரும்ப வரவேயில்லை. செபராங் பிறை மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசாங்கம் நியமிக்கிறது. சாலை விளக்கு எரியாதது, கால்வாய் அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது, ஒட்டுக்கடைக்கு உரிமம் கிடைக்காதது எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருக்கும் ஒரே ஓட்டு அந்தச் சட்டமன்றச் சீட்டுதான். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டைவிட அதுதான் நம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அத்தையின் கதை.

தோட்டத்தில் வேலை முடிந்து, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, அக்கம்பக்கத்து அரசாங்க நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. என் மாமாவும் அப்படித்தான். அவரிடம் இருந்தது டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அதற்கும் நாம் கிராண்ட் என்று சொல்லும் நிலப்பட்டாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டால், உரிமமும் அவரோடு முடிந்துவிடுகிறது. நிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மாமா இறந்தது அந்தத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு. அவர் இருந்தவரை ஜனவரியில் ரசீதை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். அத்தைக்கு அது ஒரு பில் மாதிரிதான் தெரியும். காரியமெல்லாம் முடிந்து, விவரம் கேட்கலாம் என்று அவர் நில அலுவலக முகப்புக்குப் போனபோது, "இது உங்கள் பெயரில் இல்லை அம்மா, நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டம். ஆனால் முப்பது வருடம் குடியிருந்த வீட்டைப் பற்றி, இது உங்களுடையது இல்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தைக்குக் கால் ஓடவில்லை. பக்கத்து நிலத்தில் வீடமைப்பு வரப்போகிறது என்ற பேச்சு வேறு கம்பத்தில் உலவிக்கொண்டிருந்தது. இரண்டு மகள்களும் சிங்கப்பூரில். சமையலறையில் அவரே வைத்த கறிவேப்பிலை மரம் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. எங்கே போவார்?

அதனால்தான் அன்றிரவு அந்தக் கேள்வி. புது வை.பி. யாரோ, அவரிடம்தான் கடிதம் வாங்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று இங்கே எழுத வேண்டாம். அத்தை ஓட்டுப் போட்ட வேட்பாளர் தோற்றுப்போனார் என்பது மட்டும் போதும். வென்றவரின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவங்களுக்கு நம்ம ஓட்டே போடலையே, பிள்ள. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?" என்றார். எங்கள் பகுதியில் நாம் சிறு எண்ணிக்கை. நம் ஓட்டு இல்லாமலும் அவர் ஜெயித்திருப்பார். நம் ஓட்டு இருந்தாலும் அவர் எதிரி தோற்றிருப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் நிற்பது வேண்டாத விருந்தாளியாகப் போவது போல என்ற எண்ணம் அத்தைக்கு மட்டும் இருப்பதில்லை. நான் பேசிப் பார்த்த பல தமிழ்க் குடும்பங்களில் இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தையை நானே கூட்டிப் போனேன். சேவை மையம் என்பது ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, சுவரில் கட்சிக் கொடி. அத்தை கொடியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேசையில் இருந்த இளைஞர், "மாக்சிக், அடையாள அட்டை கொண்டு வந்தீங்களா?" என்று மலாயில் கேட்டார். அட்டை, இறப்புச் சான்றிதழ், பழைய ரசீதுகள், மின்சார பில், தண்ணீர் பில், வீட்டின் படம். ஒவ்வொன்றையும் நகலெடுத்து அடுக்கினார். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் ஆதரவுக் கடிதம் வந்தது.

பினாங்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளுக்கு மாநில அரசாங்கம் தன் சார்பில் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கிறது. கிராம நிர்வாக மன்றங்களும் இருக்கின்றன. நாங்கள் விண்ணப்பத்தின் நகலை அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரு தரப்பிலும் முத்திரை விழுந்தது. மாதங்கள் ஓடின, இன்னும் இரண்டு முறை நில அலுவலகத்துக்கு நடந்தோம், ஒரு முறை அதிகாரி வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனார். கடைசியில் உரிமம் அத்தையின் பெயரில் வந்தது. ஓர் ஆண்டுக்கு. அடுத்த ஜனவரியில் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். பட்டாவுக்கான விண்ணப்பம் தனியே நிற்கிறது. அதற்கு இன்னும் பதில் இல்லை.

வெளிநாட்டில் இதற்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. பிரிட்டனுக்குள் இருக்கும் வேல்ஸுக்கு 1999 முதல் தனிச் சட்டமன்றம் இருக்கிறது. அங்கும் நம்மைப் போலவே 40 தொகுதிகள் இருந்தன, தொகுதிக்கு ஒருவர். அதோடு, கட்சிகள் வட்டாரங்களில் வாங்கிய ஓட்டு அளவைப் பார்த்து இன்னும் 20 பேரைச் சேர்த்தார்கள். ஐந்து வட்டாரம், வட்டாரத்துக்கு நால்வர். ஆக, ஒரு வாக்காளருக்கு ஐந்து உறுப்பினர்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே கட்சியாக இருப்பதில்லை. 2026 மே தேர்தலுக்கு அந்த முறையையும் மாற்றி, 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், மொத்தம் 96 என்று சட்டம் செய்தார்கள். சிறு எண்ணிக்கையில் இருப்பவர் தட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகள் அங்கே இருக்கின்றன. நமக்கு அப்படியில்லை. ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கியவர் மட்டும் உள்ளே, மற்றவர்களெல்லாம் வெளியே. முறை மாற வேண்டுமா என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். அதுவரை நமக்கு இருப்பது ஒரு கதவு. அதைத் தட்டக் கூச்சப்பட்டால், அதுவும் இல்லை.

"நம்ம ஆளுங்க எத்தன பேரு?" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். பிறையிலோ பாகான் டாலாமிலோ ஓர் இந்தியர் ஜெயித்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் ஒரு பலகை வீட்டின் உரிமத்துக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது. தங்கள் தொகுதியில் ஓர் இந்திய வேட்பாளரை வாழ்நாளில் பார்க்கப்போகாத தமிழர்கள் இந்த நாட்டில் ஆயிரமாயிரம் பேர். அவர்களுக்கான வை.பி. வேறு மொழி பேசுவார், வேறு கொடியின் கீழ் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவர் அவர்களுடைய வை.பி. நாம் போய் நிற்காவிட்டால், தன் தொகுதியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாமல் ஐந்து ஆண்டு ஓடிவிடும். எதிர்க்கட்சி உறுப்பினராகவே இருந்தாலும் சட்டமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. டி.ஓ.எல். நிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டா எப்போது என்ற கேள்வியை அவர் வாயிலிருந்து வரவைப்பது நம் வேலை.

வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட என்னைப் போன்றவர்களுக்கு இதில் இன்னும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது. தேர்தல் அன்று ஊருக்கு வந்து ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலைப் படமெடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி விடுகிறோம். முடிவுகளோடு வாழ்வது ஊரில் இருக்கும் பெரியவர்கள். அவர்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது, எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் என்று தெரியாது. நமக்கு அது அரை நாள் வேலை.

பினாங்கின் அடுத்த மாநிலத் தேர்தல் 2028-க்குள் வந்துவிடும். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அப்பா அம்மாவின் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், அவர்களுடைய சட்டமன்றத் தொகுதியின் பெயர் வரும். அங்கே வென்றவர் யார், அவருடைய சேவை மையம் எங்கே, எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு வீட்டின் நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். பல வீடுகளில் அதுவும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். எடுத்து ஒரு முறை படித்துவிட்டு வையுங்கள்.